ஓடைப்பக்கத்து ஒற்றை வளையம்

அழுகிய வெங்காயத்தின் வாடை மூக்கோடு நிற்பதில்லை. தொண்டைக்குள் இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். போன வாரம் திருச்சியில் எங்கள் தெருக் காய்கறிக் கடையில் சின்ன வெங்காய மூட்டை ஒன்றைக் கடைக்காரர் சாய்த்தார். அடிப்பக்கம் கறுத்துக் குழைந்து, சாக்கிலிருந்து நீர் வடிந்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். நான் மட்டும் நகரவில்லை. எனக்குப் பத்து வயது திரும்பியிருந்தது. சித்திரை மாசத்து மத்தியானம், மழைக்குப் பிந்திய வெயில், கரிசல் மண்ணில் மண்டியிட்டுக் கிடந்த எங்கள் வெங்காயப் பட்டறை.

அதே நேரத்தில்தான் கைப்பேசி சிணுங்கியது. நம் சொந்தக்காரர்கள் குழுவில் நீங்கள் எழுதிக்கொண்டிருந்தீர்கள். அம்மா போய் முப்பது நாள் ஆகவில்லை. நினைவு மலர் போடப்போகிறீர்களாம். "சித்தி தனி மனுஷியா நின்னு கொல்லையைக் காப்பாத்துனவங்க" என்று ஒருவர். "அந்த வெட்டுக்காரன் மூங்கில ஊறப்போடாம ஏமாத்தி, பட்டறையே சாஞ்சும் அசரலையே" என்று இன்னொருவர். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள். கடைசியில் என்னைப் பார்த்து, "நீயும் ஒரு பக்கம் எழுது, பழைய ஞாபகம் எதாச்சும்" என்றீர்கள்.

எழுதுகிறேன். என் வயதுக்காரர்கள்தானே நீங்களும். தலைக்குச் சாயம் அடிப்பதைப் போல ஞாபகத்துக்கும் அடிக்கிற வயது நமக்கு. முதலில் அந்தச் சிரிப்பு முகங்களை எடுங்கள்.

மூங்கில் என்றாலே புல்லாங்குழல், தென்றல் என்று எழுதிவிடுகிறவர்களை எங்கள் ஊருக்குக் கூட்டிவர வேண்டும். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே, பஸ் நிற்க யோசிக்கும் ஊர். அங்கே கொல்லை என்றால் வீட்டுப் பின்புறம் அல்ல, வெள்ளாமை நிலம். எங்கள் கொல்லைக்கும் பெரியப்பா கொல்லைக்கும் நடுவில், ஓடைக்கரையில் நின்றது ஒரே ஒரு மூங்கில் புதர். முள் மூங்கில். கணுவுக்குக் கணு வளைந்த முள். ஒரு முள் பிடித்தால் அதை விடுவிக்கப் போகிற கையை இன்னொரு முள் பிடிக்கும். காற்றடித்தால் பாடாது. பல்லைக் கடிக்கும். இரண்டு வீட்டுக்கும் பொது என்று தாத்தா சொல்லிவிட்டுச் செத்தார். பொது என்ற சொல்லை வைத்துக்கொண்டு அண்ணன் தம்பி இருவரும் பத்து வருஷம் அடித்துக்கொண்டார்கள்.

சண்டையின் உச்சம் ஒரு டிவி ஆன்டெனா. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் முன்பு அப்பா ஒரு டிவி வாங்கினார். ஆன்டெனா கட்டுவதற்கு நேராக நீண்ட ஒரு கழியை வெட்டினார். முளைத்து ஒரு வருஷம்கூட ஆகாதது. பெரியப்பா வாசலுக்கு வந்து நின்று, "பால் குடிக்கிற குட்டிய அறுத்துட்டியேடா" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். அந்தக் கழி ஆறே மாதத்தில் சுருங்கி வளைந்து, படம் தெரியாமல் போனது வேறு கதை. பேச்சு பால் சொசைட்டி வாசல் வரைக்கும் போனது. நாலு பெரியவர்கள் உட்கார்ந்து சொன்னார்கள்: மூணு பொங்கல் பார்க்காத மூங்கிலில் எந்த வீடும் கை வைக்கக் கூடாது.

சரி, எந்தக் கழி எத்தனை பொங்கல் பார்த்தது என்று எப்படித் தெரியும்? மரம் மாதிரி மூங்கில் வருஷத்துக்கு வருஷம் பருக்காது. மழைக்கு முளைத்தால் சில மாதத்தில் முழு உயரம், முழுப் பருமன், அவ்வளவுதான். இரண்டு வருஷத்துக் குட்டியையும் ஆறு வருஷத்துக் கிழத்தையும் நம்மைப் போன்றவர்கள் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாலும் தெரியாது. அதற்குத்தான் வளையம். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட் டப்பாவை மறுநாள் எடுத்துக்கொண்டு இரண்டு வீடும் ஓடைக்கரைக்குப் போக வேண்டும். அந்த வருஷம் முளைத்த கழிகளுக்கெல்லாம் நெஞ்சு உயரத்தில் ஒரு வளையம். முதல் வருஷம் நீலம். அடுத்த வருஷம் சிவப்பு. அதற்கடுத்த வருஷம் மஞ்சள். நிறத்தைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். குழந்தைகூடச் சொல்லிவிடும் என்றார்கள்.

சொன்னதோடு விடவில்லை, குழந்தையைத்தான் உள்ளே அனுப்பினார்கள். முள்ளுக்குள் நுழைய ஒல்லி உடம்பு வேண்டும். இரண்டு வீட்டிலும் ஒல்லி நான்தான். அப்பாவின் முழுக்கைச் சட்டையை மாட்டி, கையில் டப்பாவையும் துணி சுற்றிய குச்சியையும் கொடுத்து அனுப்புவாள் அம்மா. பெரியப்பா பாதைப்பக்கம் நின்று மேற்பார்வை. இருவருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. ஆறடி தள்ளி நின்றுகொண்டு என் வழியாகப் பேசிக்கொள்வார்கள்.

நாலாவது வருஷம் பெரியப்பா வாங்கிவந்திருந்தது மறுபடியும் நீலம்.

"ஒங்க பெரியப்பாவக் கேளுடி. நீலம் மொத வருசமே போட்டாச்சு. இப்ப எதுக்கு மறுபடி நீலம்னு கேளு."

"ஒங்கம்மாகிட்ட சொல்லு. கடையில அதான் இருந்துச்சு. வேணும்னா அவளே டவுனுக்குப் போயி வானவில்ல வாங்கியாரட்டும்."

"மாட்டுக்குக் கொம்பு பளபளன்னு இருந்தாப் போதும். மூங்கிலுக்கு எது பழசு எது புதுசுன்னு எப்படித் தெரியும்னு கேளு."

"புதுசுக்கு ரெண்டு வளையம் போடச் சொல்லு. பழசுன்னா ஒண்ணு, புதுசுன்னா ரெண்டு. இதுக்கும் பால் சொசைட்டிக்குப் போவணுமான்னு கேளு."

நான் எதையும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. டப்பாவோடு உள்ளே போனேன்.

பாதைப்பக்கத்துப் புதுக் கழிகளுக்கு அழகாக இரண்டிரண்டு வளையம் போட்டேன். பெரியப்பாவின் கண் அங்கே இருந்தது. பிறகு ஓடைப்பக்கம் சுற்றினேன். அங்கே கரை செங்குத்து. ஒரு கையால் வேரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பூச வேண்டும். அந்தப் பக்கம் ஏழு கழிகள். முதல் கழிக்கு ஒரு வளையம் போட்டபோதே நகக்கண்ணில் முள் ஏறி முறிந்தது. பெயின்ட் காயத்தில் பட்டு எரிந்தது. ஏழுக்கும் ஒவ்வொரு வளையம் இழுத்தேன். இரண்டாவதை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"எல்லாத்துக்கும் ரெண்டா?" பெரியப்பாவின் குரல் முள்ளைத் தாண்டி வந்தது.

"ரெண்டுதான் பெரியப்பா."

மறுநாள் டப்பாவைத் திறந்தபோது மிச்ச பெயின்ட் தோல் கட்டியிருந்தது. மூடி வைத்துவிட்டேன். அந்த வருஷம் முழுக்க அந்த ஏழு கழிகளும் பொய் வயதோடு நின்றன.

அடுத்த பொங்கலும் கழிந்து, மாசியில் அப்பாவின் கடிதம் வந்தது. பெரியப்பாவே பால் சொசைட்டி வாசலில் உரக்கப் படித்தார். இந்த வெள்ளாமை மட்டும் அம்மா பொறுப்பு; அறுத்த வெங்காயத்தில் வைகாசி நடவுக்கு விதை மிஞ்சினால் கொல்லை அவள் கையில் இருக்கட்டும், அவள் பிசகால் கெட்டால் அண்ணன் எடுத்துக்கொள்ளட்டும். அம்மாவுக்கு அந்தக் கொல்லை என்ன என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களே கண்ணீர் வரவழைக்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து கேட்ட ஒரே இடம் அதுதான்.

வெங்காயம் நன்றாக விளைந்திருந்தது. வைகாசி வரை வைக்கப் பட்டறை வேண்டும். டவுனில் பிறந்த உங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: பட்டறை என்றால் கொல்லையிலேயே மூங்கில் கால் நட்டு, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் பிளந்த மூங்கில் பிளாச்சுப் பின்னிய தளம் போட்டு, நாலு பக்கமும் தட்டி அடைத்து, மேலே ஓலை வேய்வது. அடியில் காற்று ஓடும். வெங்காயம் மூச்சு விடும். கால் பிசகினால் எல்லாம் பிசகியது. கால் முற்றின மூங்கிலாக இருக்க வேண்டும். பிஞ்சில் இனிப்பு உண்டு, வண்டு தேடி வரும்.

வெட்ட வந்தவரை ஊரில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. அவர் வாயில் நல்ல சொல் வந்து நான் கேட்டதில்லை. என்னை ஒட்டடக்குச்சி என்பார். நாய்களைக்கூட அதட்டிவிட்டுத்தான் தாண்டுவார். மூங்கிலை மட்டும் வெட்டும் முன் அரிவாளின் முதுகால் ஒரு தட்டு தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். அந்த ஒரு நொடிதான் அவர் முகம் சாந்தமாக இருக்கும்.

பாதைப்பக்கத்தில் ஒற்றை நீலமும் சிவப்புமாக வெட்டிச் சாய்த்தார். கால்களுக்கு இன்னும் ஏழு எட்டு வேண்டியிருந்தது. அம்மா ஓடைப்பக்கம் கை நீட்டினாள். அவர் இறங்கிப் போய்த் தட்டினார். இன்னொன்றைத் தட்டினார். மேலே ஏறி வந்தார்.

"அது வேணாங்க சின்னம்மா. ஓரத்துல நிக்கிறதெல்லாம் குட்டிங்க."

"வளையம் எத்தன இருக்கு?"

"ஒண்ணுதாங்க இருக்கு. ஆனா தட்டுனா பச்ச சத்தமில்ல கேக்குது."

"ஒன் சத்தத்த ஆரு கேட்டா? எனக்குக் கொறச்சுப் போட்டுட்டு மிச்சத்தப் பெரிய வீட்டுக்கு வெட்டிக் குடுக்கலாம்னு பாக்குற. நேத்து மத்தியானம் அங்க சோறு தின்ன வாயிதான இது."

"சோறு தின்னேன். அதுக்காவ காதா அடச்சுப்போச்சு?"

"எம்மவ முள்ளுக்குள்ள பூந்து கைப்பட வச்ச அடையாளம் இது. ஆருக்கும் பொய் சொல்லாது. வெட்டு."

அப்படிச் சொல்லும்போது அம்மாவின் கை என் தலைமேல் இருந்தது. அம்மா அப்படியெல்லாம் கை வைக்கிறவள் இல்லை. விளக்குமாற்றுக் கட்டையையும் கரண்டிக் காம்பையும்தான் என் தலைக்குத் தெரியும். அன்று வெறும் உள்ளங்கை, வெங்காயம் அறுத்துச் சொரசொரத்த உள்ளங்கை. அது எடுக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர உலகத்தில் எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

வெட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "ஏ ஒட்டடக்குச்சி. நீ சொல்லு. இது பழசா?"

"ஒரு வளையந்தான. பழசுதான்" என்றேன்.

அவர் எச்சிலைத் துப்பினார். இறங்கிப் போய் ஏழையும் வெட்டினார்.

பிறகு அத்தனை கழிகளையும் ஏரிக்கு இழுத்துப்போனார். வெட்டின மூங்கிலைப் பதினைந்து நாளாவது தண்ணீரில் ஊறப்போட வேண்டும். இனிப்பு இறங்கினால் வண்டு அவ்வளவாகச் சீண்டாது. அவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கழிகள்மேல் கல்லேற்றி வைத்ததைக் கரையில் நின்று பார்த்தேன். என்னைப் பார்த்துத் தண்ணீரை அடித்து, "போ அந்தாண்ட, பாம்பு கெடக்கும்" என்று கத்தினார். நாள் தவறாமல் வந்து கல்லைச் சரி பார்த்துவிட்டுப் போனார். அதையும் பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழி அதுதான்.

பட்டறை எழுந்தது. வெங்காயம் ஏறியது. பங்குனி முழுக்க அம்மா பாடாத குறையாகத் திரிந்தாள். சித்திரை பிறந்ததும் நான் ஒன்றைக் கண்டேன். ஓரக் கால்களின் அடியில், கரிசல்மேல் மஞ்சளாக மாவு, கடலை மாவை விரல் நுனியால் தூவியது போல. உச்சி வெயிலில் காதை வைத்தால் உள்ளே கிர், கிர் என்று அரைபடும் சத்தம். ஏதோ ஒன்று என் பொய்யைத் தின்றுகொண்டிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த அந்த மாதத்தில், தினமும் அம்மா வருவதற்கு முன்பே போய் அந்த மாவைப் பெருக்கித் தள்ளினேன். பொறுப்பான பிள்ளை, பட்டறையைச் சுற்றி எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறது பார் என்று நம் அத்தைமார்கள் சொன்னார்கள். உங்களில் இரண்டு பேருக்கு என்னை உதாரணம் காட்டி அடிகூட விழுந்தது.

கோடை மழை ஒரு மத்தியானம் காற்றோடு வந்தது. பட்டறை விழவில்லை. ஓரக்கால்கள் ஒவ்வொன்றாக மடங்க, வயதான மாடு படுப்பது போல மண்டியிட்டது. ஓலை பிரிந்து தண்ணீர் உள்ளே போனது. மூன்று நாளில் ஊர் முழுக்க அந்த வாடை. அம்மா கைகளால் அள்ளி அள்ளி நல்லதைப் பிரித்தாள். விதைக்கு மிஞ்சவில்லை.

மறுபடியும் பால் சொசைட்டி வாசல். நாலு பெரியவர்கள். முறிந்த கால்களைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். உள்ளே சல்லடை, வெளியே ஒற்றை நீல வளையம், பளிச்சென்று.

"ஒத்த வளையம், அஞ்சு பொங்கல் பாத்த மூங்கிலு. அது எப்படி மாவாப் போவும்?" என்றார் ஒரு பெரியவர்.

"குட்டியாப் பாத்து வெட்டச் சொல்லிருப்பா. பொம்பளைக்கு என்ன தெரியும்" என்றார் பெரியப்பா. "கொல்லைய இனி நான் பாத்துக்கறேன்."

அம்மா அன்று யார் வழியாகவும் பேசவில்லை. முதல் தடவையாகப் பெரியப்பாவை நேராகப் பார்த்தாள். "நான் வளையத்தப் பாத்துதான் வெட்டச் சொன்னேன். ஒங்க கண்ணு முன்னால போட்ட வளையம். மூங்கிலு சரியானது. அப்ப ஆளுதான் சரியில்ல. ஊறப்போட்டிருக்க மாட்டான்."

வாசலுக்கு வெளியே, வெயிலில் நிறுத்தப்பட்டிருந்த வெட்டுக்காரர் சொன்னார்: "ஊறப்போட்டேங்க. பதினாறு நாளு. அது குட்டின்னு அன்னைக்கே சொன்னேன்."

"ஒத்த வளையம் எப்படிய்யா குட்டியாவும்? நாங்க என்ன கண்ணு தெரியாதவங்களா?"

"வளையத்தப் பத்தி எனக்குத் தெரியாது. மூங்கிலப் பத்தித் தெரியும்."

"வாயப் பாரு இவனுக்கு" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, நீதான போட்ட? புதுசுக்கெல்லாம் ரெண்டு போட்டியா?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. எதிரே சுவரைப் பார்த்தாள். நான் உண்மையைச் சொன்னால் கொல்லை பெரியப்பாவுக்கு. சொல்லாவிட்டால் இந்த மனுஷனின் பிழைப்பு மண்ணோடு. எனக்கு அப்போது புரியவில்லை என்று எழுதத்தான் ஆசை. புரிந்தது. பத்து வயதுக்கு நன்றாகவே புரியும்.

"போட்டேன்" என்றேன்.

அவ்வளவுதான். அடுத்தவன் தப்புக்கு அவளைத் தண்டிக்க வேண்டாம் என்று அம்மாவுக்கு இன்னொரு வருஷம் கொடுத்தார்கள். விதைக்கு மாமா இரண்டு மூட்டை அனுப்பினார். அந்த இன்னொரு வருஷம்தான் முப்பத்தைந்து வருஷமாக நீண்டது. நீங்கள் மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்ட கொல்லை அது. வெட்டுக்காரர் இனி இந்த ஊர் எல்லையில் மூங்கிலில் கை வைக்கக் கூடாது என்றார்கள். சுற்றுப்பட்டு ஊர்களுக்கும் சேதி போனது.

அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அம்மா என்னை அனுப்பவில்லை. தானே அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடைப்பக்கம் இறங்கினாள். அந்தப் பக்கம் எதைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. வெட்டின ஏழின் அடிக்கட்டைகள் அங்கேதான் இருந்தன. நெடுநேரம் கழித்துக் கையெல்லாம் கீறலோடு ஏறி வந்தாள். மறுநாள் போய்ப் பார்த்தேன். அந்த அடிக்கட்டைகள் ஏழையும் மண்வெட்டியால் மண்ணை இழுத்து மூடியிருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாகும் வரை கேட்கவில்லை. வெட்டுப்பட்ட அடியைப் பார்த்தால் முற்றலா பிஞ்சா என்று யாருக்கும் தெரிந்துவிடும். அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். என் தலையில் அந்தக் கை பிறகு ஒருபோதும் வரவில்லை. நீங்கள் வீராங்கனை என்று எழுதுகிறீர்கள். அவளுக்கும் எனக்கும் நடுவில் அந்த மண் குவியல்தான் கிடந்தது. அதன் இரண்டு பக்கமும் நின்று முப்பத்தைந்து வருஷம் சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

மலரில் இதை அப்படியே போடுங்கள். இல்லையென்றால் என் பக்கத்தை வெற்றாக விட்டுவிடுங்கள். வெட்டிச் சுருக்கிப் போடாதீர்கள்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. பஞ்சாயத்து முடிந்த எட்டாம் நாள், வெட்டுக்காரர் ஊரைவிட்டுப் போனார். வீட்டுக்காரியை முன்னமே ரஞ்சன்குடிக்கு அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பகல் பதினொரு மணி. பெரம்பலூர் ரோடு ஏறும் இடத்தில் சைக்கிளை நிறுத்திப் பின்னால் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார். சாக்கில் சுற்றிய அரிவாள்கள், ஒரு அலுமினியக் குண்டான், ஒரு பாய். நான் கடைக்குப் போகிற சாக்கில் போனேன். சைக்கிளுக்கு முன்னால் நின்றேன்.

"என்ன?"

"ஓடப்பக்கம் நான் ஒரு வளையந்தான் போட்டேன்."

கயிற்றைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டார். "தெரியும்."

"தெரியுமா?"

"மூங்கிலு சொன்னது ஒண்ணு, நீ சொன்னது ஒண்ணு. ரெண்டுல எது பொய் சொல்லும்னு எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏன் அங்க சொல்லல?"

"ஏழு ஊரு கேக்கறாப்ல சொன்னேனே. எவன் கேட்டான்?" முடிச்சை இழுத்துப் பார்த்தார். அழ ஆரம்பித்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"நான் போயி இப்ப சொல்லிடட்டுமா?"

"யாருகிட்ட?"

"அம்மாகிட்ட. பெரியவங்ககிட்ட."

சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டிவிட்டார். வண்டி பாரத்தில் ஆடியது. பிடித்து நிறுத்திக்கொண்டு, அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"அது ஒன் பாடு, ஒங்கம்மா பாடு. சொல்லணும்னா அன்னைக்கே சொசைட்டி வாசல்ல சொல்லிருக்கணும். எங்கிட்ட வந்து சொல்லி ஒன் பாரத்த எறக்கிட்டுப் போலாம்னு பாக்காத. எனக்கே ஏத்துனது போதும். நவுரு, வண்டி போவணும்."